கட்டைக்குள் ஒரு மாருத்

1959-இல் பெங்களூரு வானத்தில் ஒரு மர விமானம் பறந்தது. அதற்கு எஞ்சின் கிடையாது. டகோட்டா விமானம் ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட்டுவிட, தானாகச் சறுக்கி இறங்கியது. எக்ஸ்-241 என்று அதற்குப் பெயர். எச்.எஃப்-24 மாருத் என்ற ஜெட் போர் விமானத்தை உலோகத்தில் செய்வதற்கு முன்னால், அதே உருவம் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காக எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை முழு அளவில் மரத்தாலேயே செய்த கிளைடர் அது. இரண்டு ஆண்டு கழித்து, 1961 ஜூன் 17 அன்று, சுரஞ்சன் தாஸ் ஓட்ட, உண்மையான மாருத் மேலெழுந்தது. மாதிரி விமானம் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்தியாவில் உருவாக்கிய முதல் ஜெட் போர் விமானமே கொஞ்ச காலம் மர மாதிரியாகத்தான் இருந்திருக்கிறது.

மாருத் மேலெழுந்த எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் ஈஜிபுரா இருக்கிறது. கோரமங்களாவுக்கும் தோம்ளூருக்கும் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வாடகை வீடுகளும், கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து கேட்கும் சந்துகளுமாக உள்ள பேட்டை. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கும்வரை நகரத்துக்கு வந்த பயணிகள் விமானமெல்லாம் பக்கத்து எச்.ஏ.எல். நிலையத்தில்தான் இறங்கின. இன்றும் தேஜாஸ் போர் விமானம் சோதனைக்குக் கிளம்பினால் இந்தத் தெருக்களில் சத்தம் கேட்கும். விமானத்தோடு இவ்வளவு ஒட்டிக் கிடக்கும் ஒரு பகுதியில், மரக்கட்டையைச் செதுக்கி விமானம் செய்யும் பொழுதுபோக்குக்கு என்ன இடம் இருக்கிறது? என்ன மரம் எடுப்பது, எங்கே உட்கார்ந்து செய்வது, பழைய மாதிரி கையில் கிடைத்தால் புதுப்பிப்பதா, அப்படியே வைப்பதா? பிளாஸ்டிக் பெட்டிகளும் முப்பரிமாண அச்சும் வந்தபிறகு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவது எதற்கு?

கடைசிக் கேள்விக்கு விடை தேட வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரமும் உலோகத் துண்டுகளும் சேர்ந்த பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இன்று உலகம் முழுக்க மாதிரிக்காரர்கள் கையாளும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவைப் பரப்பியது அந்தப் பெட்டிகள்தான். 1936-இல் ஃப்ராக் நிறுவனம் பெங்குவின் வரிசையைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. ஆனால் மரத்தின் பொற்காலம் அதற்குப் பிறகுதான். 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது: ஐந்து லட்சம் மர விமானங்களைச் செதுக்கித் தர வேண்டும். பீரங்கிக்காரர்களும் விமானிகளும் நம்முடைய விமானம் எது, எதிரியுடையது எது என்று ஒரு நொடியில் சொல்லப் பழகுவதற்காக. எல்லாமே எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உருவக்கோடு மட்டும் தெரியும்படி கறுப்பு வண்ணம். 35 அடி தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானத்தை ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் பார்ப்பது போலிருக்கும். கணக்கு தவறினால் நம் ஆளையே நாம் சுட்டுவிடுவோம் என்பதால், பிள்ளைகள் செய்ததை அளவு அட்டை வைத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். பொழுதுபோக்கு ஒன்று போர்த் தளவாடமாக மாறிய விசித்திரம் அது.

போருக்குப் பின் கதை வேகமாகத் திரும்பியது. ஏர்ஃபிக்ஸ் 1953-இல் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயரை விற்கத் தொடங்கியது. ஜப்பானின் ஷிஸுவோகாவில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தாமியா, முதலில் மர மாதிரிகளைச் செய்து, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு மாறியது. மரம் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. பிலிப்பைன்ஸில் மட்டும் மஹோகனிக் கட்டையில் கையால் செதுக்கிய விமானங்கள் ஏற்றுமதிச் சரக்காகவே நிலைத்தன.

இந்தியாவில் கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் பால்சா மரப் பெட்டிகளை விற்றுப் பல தலைமுறைப் பையன்களைப் பழக்கியது. என்.சி.சி. விமானப் பிரிவில் இன்றும் மாதிரி விமானம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். ஆனாலும் நம் ஊர் ஆர்வலர்களில் பெரும்பாலோர் பறக்கும் மாதிரிகள் பக்கம் போய்விட்டார்கள். நிற்கும் மாதிரி, அதுவும் முழுக்கட்டையில் செதுக்கியது, அரிதாகவே கண்ணில் படுகிறது. பறக்காத விமானத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இருப்பது இதுதான். பெங்களூருவில் பிறந்த விமானங்களைப் பெரிய பிளாஸ்டிக் நிறுவனங்கள் அனேகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. நேட் போர் விமானம் கிடைக்கும், ஏனென்றால் அது ஆங்கிலேயர் வடிவமைப்பு. வி.எம். கட்கே குழு வடிவமைத்து 1951 ஆகஸ்ட் 5 அன்று பறந்த எச்.டி-2 பயிற்சி விமானத்தையோ, புஷ்பக்கையோ, கிருஷக்கையோ, 1964-இல் பறந்த கிரணையோ பொம்மைக் கடையில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஸ்பிட்ஃபயரை எடுத்துக் காட்டுவார். எச்.ஏ.எல். விமானம் ஒன்று மேஜைமேல் வேண்டுமென்றால், பெரும்பாலும் நாமே செய்துகொள்வதுதான் வழி. மரம் அதற்குச் சிக்கனமான வழி. அச்சு வேண்டாம், இயந்திரம் வேண்டாம். மூன்று பக்க வரைபடமும் ஒரு கட்டையும் போதும்.

கட்டை பெரிதாகவும் வேண்டியதில்லை. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை விரிவு 9 மீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் நீளம் 220 மில்லிமீட்டர், இறக்கை 125 மில்லிமீட்டர். எச்.டி-2 நீளத்தில் இன்னும் சிறியது. அதை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்தால்கூட இறக்கை 223 மில்லிமீட்டர்தான் வரும். தச்சுப் பட்டறையில் கழித்துப் போடும் துண்டில் ஒரு விமானப்படையே ஒளிந்திருக்கிறது.

எந்த மரம் என்பதில்தான் சர்ச்சை. வெளிநாட்டுப் புத்தகங்கள் பால்சா, பாஸ்வுட், ஜெலுட்டாங் என்று அடுக்கும். பால்சா ஈக்வடார் சரக்கு; இங்கே விலை அதிகம், அதைவிட முக்கியமாக, முழுக்கட்டை வேலைக்கு அது ரொம்ப மென்மை. நகம் பட்டாலே பள்ளம் விழும். தேக்கு எதிர்முனை: உறுதியானது, ஆனால் எண்ணெய்ப் பசை உள்ளதால் வண்ணமும் பசையும் பிடிக்க அடம்பிடிக்கும், எடையும் கூடுதல். தேக்கை நிலைப்பலகைக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் கதவு நிலைத் துண்டுகள் பல பத்தாண்டு காய்ந்தவை. அதைவிட நல்ல தேக்கு புதிதாக எங்கும் கிடைக்காது.

நடுவில் நிற்பது வெட்பாலை. பெங்களூருவிலிருந்து மைசூர் சாலையில் அறுபது கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். அங்கே பொம்மைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடையும் மரம் இதுதான். அவர்கள் ஆலெ மரம் என்பார்கள். வெண்மையாக, தந்தம்போல் வழவழப்பாக, நார் ஓட்டம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண்மையாக இருக்கும். உளி எந்தப் பக்கம் போனாலும் சிலும்பாது. தடிமனான கட்டை கிடைப்பது சிரமம் என்ற குறை விமான மாதிரிக்குக் குறையே இல்லை. அரக்குச் சாயம் பூசி, தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பேற்றும் அவர்களுடைய முறையையும் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கடைசல் எந்திரம் வட்டக் குறுக்குவெட்டை மட்டுமே தரும். எஞ்சின் உறை, எரிபொருள் தொட்டி, சுழலி மூக்கு இவை அதில் வரும். மாருத்தின் உடல் வராது. ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவை குறையட்டும் என்று இடுப்பில் ஒடுங்கிய உடல் அது. அந்த ஒடுக்கத்தைக் கையால்தான் கொண்டுவர வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கம் குமிழ் மரம் தாராளமாகக் கிடைக்கிறது. லேசானது, காய்ந்தபின் அதிகம் முறுக்காது, செதுக்கச் சுகமானது. குடகுக் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் பழகுபவர்களுக்கு மலிவான தேர்வு. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் இறக்குமதிச் சரக்கோடு வரும் பைன் பலகைப் பெட்டிகள். அவற்றில் வெப்பத்தால் பதப்படுத்தியதற்கு எச்.டி. என்றும், மெத்தில் புரோமைடு புகையூட்டியதற்கு எம்.பி. என்றும் முத்திரை இருக்கும். இரண்டாவதைத் தொடாமல் இருப்பது நல்லது.

செய்முறையின் சூட்சுமம் முழுக்க நார் ஓட்டத்தில் இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நீளவாக்கில் அனேகமாக அசையாது. குறுக்கேதான் ஊதும், சுருங்கும். ஆகவே உடலுக்கு நார் மூக்கிலிருந்து வால்வரை ஓட வேண்டும், இறக்கைக்கு அடியிலிருந்து நுனிவரை. மாருத் போலப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையை ஒரே பலகையில் வெட்டினால் நார் குறுக்கே போய் நுனி சுலபமாக ஒடியும். இடம், வலம் இரண்டையும் தனித்தனியே சாய்வுக்கு ஏற்ற நாரில் வெட்டி நடுவில் சேர்ப்பதுதான் முறை. பெங்களூருவின் மார்ச் மாத வறட்சிக்கும் ஜூலை மாத ஈரத்துக்கும் நடுவே மரம் எப்படியும் அசையும். கட்டையை வாங்கி வந்ததும் செதுக்காமல், அது வாழப்போகும் அறையிலேயே சில வாரம் கிடக்க விடும் பொறுமை அவசியம்.

பிறகு பக்கவாட்டு உருவத்தைக் கட்டையில் வரைந்து அறுப்பது, மேலிருந்து தெரியும் உருவத்தை வரைந்து மறுபடி அறுப்பது. இப்போது கையில் சதுரமான விமானம் இருக்கும். மூலைகளைச் சீவி, ஒவ்வொரு இடத்திலும் குறுக்குவெட்டு அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்து உருட்டுவதுதான் மீதி வேலை. உடலை இரண்டு பாதியாக எடுத்து, நடுவில் காகிதம் வைத்து ஒட்டிச் செதுக்கினால், முடிந்தபின் உளியால் பிளந்து விமானி அறையைக் குடையலாம்; நடுக்கோடும் கடைசிவரை அழியாமல் இருக்கும். கோவை வார்ப்படச் சாலைகளில் பேட்டர்ன் மேக்கர் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வரைபடத்தைப் படித்து மரத்தில் வடிவம் எடுப்பது அவர்கள் அன்றாடம் செய்த காரியம். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும்போது, இளைஞர்கள் வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மர விமானங்களின் வரலாற்றில் வில்லன் பெரும்பாலும் பசைதான். இரண்டாம் உலகப் போரில் மர உடலோடு பேர் வாங்கிய மாஸ்கிட்டோ, 1944-இல் இந்தியா, பர்மா பக்கம் வந்தபோது சில விமானங்கள் நடுவானில் உடைந்தன; ஆராய்ந்தபோது ஒட்டிய இடங்களில் குறை தெரிந்தது. ஜெர்மனியில் அதற்குப் போட்டியாக டிஏ-154 என்ற மர விமானம் உருவானது. அதற்கான பசையைச் செய்த வுப்பர்டால் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிய, மாற்றுப் பசையில் இருந்த அமிலம் மரத்தையே அரித்தது; விமானங்கள் விழுந்தன, திட்டம் கைவிடப்பட்டது. அந்த விமானத்தை வடிவமைத்தவர் குர்ட் டாங்க். 1956-இல் பெங்களூரு வந்து மாருத்தை வரைந்தாரே, அதே குர்ட் டாங்க். மரத்தால் ஒருமுறை சூடுபட்டவர், புதிய ஜெட்டுக்கு முன்னோட்டமாக மறுபடியும் மரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மேஜை மாதிரிக்கு அவ்வளவு கவலை வேண்டாம். 1959-இல் வந்த ஃபெவிகால் வஜ்ஜிரப் பசையைத் தச்சர் பட்டறையிலிருந்து விரட்டியது, அதுவே போதும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு மரக்குச்சி ஆணி உள்ளே போக வேண்டும். அந்த வளைவை எபாக்சி பட்டி கொண்டு நிரப்பலாம். விமானி அறைக் கண்ணாடிக்குக் குளிர்பான பாட்டில் ஒன்று: மர அச்சின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி உருவம் எடுத்துக்கொள்ளும்.

புதிதாகச் செய்வதைவிடப் பழையதைப் புதுப்பிப்பதில்தான் விவாதம் சூடு பிடிக்கிறது. அலுவலக அலமாரி, ஓய்வுபெற்ற ஊழியர் வீட்டு ஷோகேஸ், அவென்யூ ரோடு பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, குஜிரிக் கடை என்று எங்கிருந்தாவது ஒரு மர விமானம் வந்து சேரும். ஒரு இறக்கை ஒடிந்திருக்கும், வண்ணம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வாங்கியவர் கை உடனே உப்புத்தாளைத் தேடும். வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்து, பட்டி பார்த்து, புத்தம்புது வண்ணம் அடித்து, இதோ பாருங்கள் என்று நிறுத்துவார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இப்போது இந்த வருடத்து மாதிரி. பழையது போய்விட்டது.

அருங்காட்சியகங்கள் பின்பற்றும் நெறி வேறு: எதைச் செய்தாலும் பின்னால் வருபவர் அதைக் கழற்ற முடிய வேண்டும், எதைச் செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். வீட்டு அலமாரிக்கு அவ்வளவு கறார் தேவையா என்று கேட்கலாம். தேவை என்பதே இக்கட்டுரையின் கட்சி. காரணம் எளிது. பழைய மாதிரியின் வண்ணம் ஒரு ஆவணம். இந்திய விமானப்படையின் வட்ட முத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரம் வந்தபின் சில ஆண்டுகள் அசோகச் சக்கரம் இருந்தது. 1950-இலிருந்து வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஒரு டகோட்டா மாதிரியில் சக்கரம் இருந்தால் அது எந்த ஆண்டுகளைக் காட்டுகிறது என்று உடனே சொல்லிவிடலாம். உப்புத்தாள் ஐந்து நிமிடத்தில் அந்தத் தகவலை அழித்துவிடும். காவியையும் பச்சையையும் இடம் மாற்றி அடிப்பது, புதுப்பிப்பவர்கள் செய்யும் இன்னொரு திருப்பணி.

ஆகவே முதலில் படம் எடுக்க வேண்டும், எல்லாப் பக்கமும், முக்கியமாக அடிப்பக்கம். பிறகு லேசாக ஈரமான பஞ்சு. பழுத்த அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சிலையே பயன்படுத்துவார்கள். அதிலுள்ள நொதிகள் அழுக்கைக் கரைக்கும், வண்ணத்தைத் தொடாது. தின்னர் பக்கமே போகக் கூடாது, பழைய நைட்ரோ செல்லுலோஸ் வண்ணம் ஒரே துடைப்பில் வழிந்து வந்துவிடும். ஒடிந்த இறக்கையை ஒட்டலாம், காணாமல்போன சுழலியைப் புதிதாகச் செய்து மாட்டலாம். வண்ணம் உதிர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு நிரப்பலாம். முழு மறுபூச்சு என்பது பழைய வண்ணம் அனேகமாக எதுவுமே மிஞ்சாதபோது மட்டும். மஞ்சள் பழுத்து நொறுங்கும் செல்லுலாய்டு கண்ணாடியைக் கழற்றித் தனியே உறையில் வைப்பது நல்லது; அது விடும் அமில ஆவி சுற்றியுள்ள வண்ணத்தையும் உலோகத்தையும் கெடுக்கும்.

உடம்புக்கும் ஒரு எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்த மாதிரியையும் ஈய வண்ணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நீர்த்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். முகக்கவசம் வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாவுபோலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். வீட்டில் சமையலுக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்வது விமானத்துக்கு நல்லது.

ஈஜிபுராவின் ஓர் அறை வீட்டில் இதெல்லாம் நடக்குமா? நடக்கும். பறக்கும் மாதிரிக்கு மைதானம் வேண்டும், அனுமதி வேண்டும். கட்டை விமானத்துக்கு ஒரு ஸ்டூலும் மாடிப்படியும் போதும். ரம்ப வேலையை மட்டும் மரக்கடையிலேயே முடித்துக்கொண்டு வந்தால் பக்கத்து வீட்டுச் சண்டை மிச்சம். உண்மையான தொல்லை தூசி. 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக இழுத்த ஈஜிபுரா மேம்பால வேலை இந்தப் பேட்டைக்குத் தந்த புழுதியில், ஈர வண்ணத்தைத் திறந்தவெளியில் காயவைப்பது தற்கொலைக்குச் சமம். ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூட வேண்டியதுதான்.

சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்க்க முடிவது இங்கு வாழ்பவர்களின் பாக்கியம். பழைய விமான நிலையச் சாலையில் 2001-இல் திறந்த எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்தில் எச்.டி-2, மாருத், கிரண் எல்லாம் நிற்கின்றன. கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் ஒரு மாருத் உண்டு. வரைபடம் சொல்லாததை, காற்று நுழைவாயின் வளைவு எங்கே திரும்புகிறது என்பதை, பத்து நிமிடம் சுற்றி வந்தால் கண் பிடித்துவிடும். இந்த வசதி லண்டன்காரருக்கு இல்லை.

முப்பரிமாண அச்சுக்காரர்கள் சிரிக்கலாம். கணினிக் கோப்பை ஏற்றினால் ஒரே இரவில் விமானம் வந்துவிடுகிறதே என்பார்கள். வரட்டும், சக்கரம், சுழலி, ஏவுகணை போன்ற சில்லறைகளுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கோப்பை யாரோ ஒருவர் சரியாக வரைந்திருக்க வேண்டும். கிருஷக் போன்ற விமானத்துக்குப் படங்களையும் அளவுகளையும் தேடிச் சேர்த்து, குறுக்குவெட்டை ஊகித்து, தவறென்று தெரிந்தால் திருத்தும் வேலையை மரத்தில் செய்தவருக்குத்தான் அந்த விமானம் தெரியும். 147 மாருத்கள் கட்டப்பட்டு, 1971 போரில் பங்கெடுத்து, 1990-இல் ஓய்வு பெற்றன. அவற்றை வரைந்தவர்களும் வெட்டியவர்களும் தட்டி நிமிர்த்தியவர்களும் இந்த நகரத்தில்தான் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வீடுகள் இப்போது அடுக்குமாடிக்காக இடிபடுகின்றன.

அப்படி ஒரு வீட்டைக் காலி செய்யும்போது ஷோகேஸிலிருந்து மர விமானம் ஒன்று வெளியே வந்தால், எடைக்குப் போடாதீர்கள். புதுப்பிக்கவும் அவசரப்படாதீர்கள். எந்த விமானம், யார் செய்தது, யாருக்கு எந்த ஆண்டில் கொடுத்தது என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி நிலைப்பலகையின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஒடிந்த இறக்கையைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.